சிப்பூர் தாவரவியல் பூங்கா

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுரா மாவட்டத்துச் சிப்பூரில் ஹூக்ளி ஆற்றை ஒட்டியுள்ள பூங்கா. பரப்பு சுமார் 109 ஹெக்டேர். 2009 முதல் இதன் பெயர் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் இந்தியத் தாவரவியல் பூங்கா.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ராபர்ட் கிட் இதை 1787இல் தொடங்கியது மக்கள் உலாவுவதற்காக அல்ல. கப்பல் கட்டத் தேக்கும், வணிகத்துக்கு வாசனைப் பயிர்களும் வளர்ப்பதற்காக. அந்த மண்ணில் தேக்கு தேறவில்லை. அதுவரை சென்னை மாகாணத்தில் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பர்க் 1793இல் பொறுப்பேற்றார். தாவரவியல் உலகில் பூங்காவின் பெயர் நிலைத்தது அவரால்தான்.

1864, 1867 ஆண்டுகளில் வீசிய புயல்கள் பழைய மரங்களைப் பெருமளவு சாய்த்தன. முதல் புயலில் ஆறே உள்ளே புகுந்தது. இன்று நாம் பார்ப்பது, 1871இல் பூங்காவின் பொறுப்பேற்ற ஜார்ஜ் கிங் அந்த வெறுமையில் புதிதாக வகுத்த பூங்கா. நீர் தேங்கும் நிலத்தில் ஏரிகளை வெட்டி, எடுத்த மண்ணால் தாழ்வான பகுதிகளை உயர்த்தினார். இங்குள்ள 24 ஏரிகளும் நிலத்தடிக் குழாய்களால் இணைந்தவை. மதகுகள் வழியே ஆற்றோடும் தொடர்புண்டு. அழகுக்கு வெட்டியவை போலத் தோன்றினாலும் இவை அடிப்படையில் வடிகால்களே. தாம்பாளம்போல் விளிம்பு நிமிர்ந்த விக்டோரியா அல்லி இலைகளை இங்கே காணலாம். இலையின் அடிப்புறம் முழுக்க முள்.

நடவுப் பகுதிகள் 25 பிரிவுகளாக உள்ளன. பனையினங்களுக்குத் தனிக் கூடம் உண்டு. செஷல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய் மரம் அங்கே நிற்கிறது. பித்து மரம் என்று பெயர் பெற்ற ஒன்றில் ஓர் இலையின் வடிவம் மற்றொன்றில் இராது. கூட்டம் என்னவோ நேரே பெரிய ஆலமரத்துக்குத்தான் போகிறது. இந்த மரம் 250 ஆண்டுகளைக் கடந்தது. இதன் அடிமரம் பூஞ்சையால் அழுகியதால் 1925இல் அகற்றப்பட்டது. இப்போது மரத்தைத் தாங்குபவை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகள். அருகில் நின்றால் மரம் தெரியாது, தோப்புதான் தெரியும். 2020 மே மாதத்து அம்பன் புயலில் இதுவும் சேதமடைந்தது.

1963 முதல் பூங்கா இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. வளாகத்திலுள்ள மத்திய தேசிய உலர்தாவரகத்தில் சுமார் 20 லட்சம் மாதிரிகள் உள்ளன. திங்கட்கிழமை விடுமுறை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்வது நல்லது. மழைக்காலத்தில் பாதைகள் சேறாகிவிடும். வாயிலிலிருந்து ஆலமரம் வரை நடை கொஞ்சம் நீளம். வெயிலுக்கு முன் அதைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைகளுக்குத் திரும்புவது வசதி.