இருக்கையும் படிக்கட்டும்: உடலியக்கம் பற்றிய மருத்துவ அறிவின் சமூக வரலாறு

உடலியக்கம் நலம் பயக்கும் என்ற கருத்து இன்று விவாதத்துக்கு இடமற்ற பொதுவுண்மையாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. வைத்தியர் முதல் விளம்பரகாரர் வரை அனைவரும் அதனை வலியுறுத்துகின்றனர். ஆயினும் வரலாற்று நோக்கில் இது மிக அண்மைக் காலத்துக்குரியதோர் அறிவாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, நோயுற்றவனுக்கு மருத்துவம் விதித்த முதற் கட்டளை அசையாதிருத்தல் என்பதாகவே இருந்தது. அக்கட்டளை எவ்வாறு மாறிற்று? புதிய அறிவு யாருடைய உடல்களை ஆராய்ந்ததன் மூலம் பெறப்பட்டது? அதன் பயன் யாரைச் சென்றடைந்தது? இவ்வினாக்களை எழுப்பி, உடற்பயிற்சியின் வரலாற்றை உழைப்பின் வரலாற்றோடு இணைத்து நோக்க இக்கட்டுரை முனைகின்றது.

1

தொழிலுக்கும் நோய்க்குமிடையிலான தொடர்பை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் இத்தாலிய வைத்தியரான பேர்னாடினோ றமாசினி ஆவார். 1700இல் வெளியான தொழிலாளர் நோய்கள் பற்றிய அவரது நூல், நோயாளரிடம் வைத்தியர் கேட்கவேண்டிய வினாக்களோடு ‘உன் தொழில் யாது?’ என்னும் வினாவையும் சேர்த்தது. சுமை தூக்குவோரும் சுரங்கத்தில் உழைப்போரும் மட்டுமன்றி, நாள் முழுதும் அமர்ந்திருந்து தொழில் புரியும் தையற்காரரும் சப்பாத்துத் தைப்போரும் கூட அவர் கவனத்தைப் பெற்றனர். இத்தகையோர் விடுமுறை நாட்களிலாவது உடற்பயிற்சி செய்தல் வேண்டும் என்பது அவர் கூறிய அறிவுரை. ‘விடுமுறை நாட்களிலாவது’ என்னும் வரையறை மனங்கொளத்தக்கது. உழைப்பவனுடைய நாளில் அவனுக்கென உரிய நேரம் எவ்வளவு என்ற பிரச்சினை இவ்வாய்வுத் துறையின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டதென்பதை அது காட்டுகின்றது.

றமாசினியின் வினா பின்வந்த இரு நூற்றாண்டுகளிலும் முற்றாக மறக்கப்படவில்லை. எனினும் அமர்ந்திருத்தலின் தீங்கு அளவிடப்படாத ஓர் ஐயமாகவே எஞ்சியது. மறுபுறத்தில், நவீன வைத்தியசாலையின் வளர்ச்சியோடு படுக்கை சிகிச்சையின் மையமாயிற்று.

2

மாரடைப்பின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1912இல் அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக், முடியுரு நாடி அடைபட்ட பின்னரும் நோயாளி உயிர்வாழ முடியும் என்பதை விளக்கியதோடு, முழுமையான படுக்கை ஓய்வையும் வலியுறுத்தினார். பின்வந்தோர் இவ்வோய்வை ஆறு வாரம் வரை நீட்டினர். சேதமுற்ற இதயத் தசை ஆறுவதற்கு அக்காலம் வேண்டுமெனக் கருதப்பட்டமையே அதற்குக் காரணம். தானாகப் புரண்டு படுப்பதும் தன் கையால் உணவுண்பதும் கூடச் சில நோயாளருக்குத் தடுக்கப்பட்டிருந்தன. காலில் உறையும் இரத்தம், சுருங்கும் தசை, தளரும் என்பு, படுக்கைப் புண் ஆகியன நோயின் விளைவுகளாகவே கொள்ளப்பட்டன. அவற்றுட் பல சிகிச்சையின் விளைவுகள் என்பதை ஏற்கப் பலர் ஆயத்தமாக இருக்கவில்லை.

1947இல் ஆங்கில வைத்தியர் றிச்சட் ஆஷர், படுக்கையில் கிடத்தலின் அபாயங்களை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டி ஒரு கட்டுரை எழுதினார். 1952இல் பொஸ்ரனில் சாமுவேல் லெவினும் பேர்னாட் லவுணும், மாரடைப்புற்ற 81 நோயாளரைத் தொடக்க நாட்களிலேயே படுக்கையினின்று எழுப்பிச் சாய்வு நாற்காலியில் அமரச் செய்து பெற்ற அனுபவத்தை வெளியிட்டனர். அஞ்சப்பட்ட அனர்த்தம் நிகழவில்லை. 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் ஐந்து இளைஞர் மூன்று வாரம் படுக்கையில் இருத்தப்பட்டபோது, அவர்களது உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஒட்சிசன் அளவு ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைந்தது. முப்பது ஆண்டுகளின் பின்னர் அதே ஐவரும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். முப்பதாண்டு முதுமை விளைத்ததிலும் மூன்று வாரப் படுக்கை விளைத்த இழப்பே பெரிதாயிருந்தது. இன்று மாரடைப்பின் பின்னரான புனர்வாழ்வில் படிமுறையான உடற்பயிற்சி தவிர்க்கவியலாத அங்கமாகும்.

படுக்கையை எதிர்த்த போராட்டம் முண்ணாண் காயமுற்றோர் விடயத்தில் இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. முதலாம் உலகப் போரில் இக்காயத்துக்கு உள்ளானோரிற் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொகுதியின் நோய்த்தொற்றாலும் இறந்தனர். அவர்களுக்கு எதுவும் செய்யவியலாது என்பதே பொதுக் கருத்து. நாசி ஜேர்மனியிலிருந்து 1939இல் அகதியாக இங்கிலாந்து சென்ற யூத நரம்பியலறிஞர் லுட்விக் குற்மன் இக்கருத்தை ஏற்க மறுத்தார். ஐரோப்பாவில் இரண்டாவது போர்முனை திறக்கப்படும்போது காயமுறுவோர் பெருகுவர் என எதிர்பார்த்த பிரித்தானிய அரசு, 1944 பெப்ரவரியில் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் ஆரம்பித்த சிறப்பு நிலையம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவரது முறையில் மருமம் எதுவும் இருக்கவில்லை. நோயாளரை இரவு பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கொரு முறை புரட்டுதல், எஞ்சிய தசைகளைப் பலப்படுத்துதல், சக்கர நாற்காலியில் அமர்த்துதல், தொழிற் பட்டறையில் பயிற்றுதல், விளையாட்டில் ஈடுபடுத்துதல் என்பனவே அதன் கூறுகள். இவை அனைத்தும் தாதியரதும் உதவியாளரதும் இடையறாத உழைப்பை வேண்டியவை. 1948 ஜூலை 29ஆந் திகதி, லண்டன் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், முன்னாட் படையினர் 16 பேர் ஸ்ரோக் மண்டவிலில் அம்பெய்தற் போட்டியிற் பங்குபற்றினர். 1960இல் ரோமில் நடைபெற்றதும், பின்னர் பரா ஒலிம்பிக் எனப் பெயர் பெற்றதுமான விழாவுக்கு இதுவே வித்தாகும். குற்மனின் நோக்கு பதக்கங்களோடு அமைந்துவிடவில்லை. காயமுற்றவர் உழைத்து வாழும் குடிமகனாகச் சமூகத்துக்கு மீளவேண்டும் என்பதே புனர்வாழ்வுக்கு அவர் வகுத்த பொருள். போர்க்காலத் தேவையும் அரசின் செலவும் இன்றி இம்மாற்றம் நிகழ்ந்திருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

3

நோயுற்றோருக்கு இயக்கம் வேண்டும் என்பது இவ்வாறு நிறுவப்பட்ட காலத்திலேயே, நோயற்றோருக்கும் அது காப்பாகுமா என்ற வினா லண்டனில் ஆராயப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் முடியுரு நாடி நோய் நடுத்தர வயது ஆண்களிடையே பெருகிவந்தது. அதன் காரணத்தை அறிய முற்பட்ட ஜெரி மொரிஸ், போலந்திலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தில் 1910இல் பிறந்து கிளாஸ்கோ நகரில் வளர்ந்தவர். 1948இல் அமைக்கப்பட்ட சமூக மருத்துவ ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த அவரும் அவரது குழுவினரும், நோய்க்கான காரணத்தைத் தனிமனிதரின் உறுப்புகளுள் மட்டுமன்றி அவர்களது தொழிலிலும் தேடினர்.

அவர்கள் ஆராய்ந்தோருள் 35 முதல் 64 வயது வரையான லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேர் அடங்குவர். இரட்டைத் தட்டு பஸ் இயற்கையாகவே ஓர் ஆய்வுக்கூடமாக அமைந்திருந்தது. சாரதியும் நடத்துநரும் ஒரே நிறுவனத்தில், ஒரே வாகனத்தில், ஒரே வர்க்க நிலையில் தொழில் புரிந்தோர். சாரதி தன் வேலை நேரத்தின் பத்தில் ஒன்பது பங்கினை இருக்கையிற் கழித்தார். நடத்துநரோ பிரயாணச்சீட்டு வழங்குவதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 வரையான படிகளை ஏறினார். ஆய்வாளர் தாமே பஸ்களிற் பயணஞ்செய்து இப்படிகளை எண்ணினர்.

1953இல் ‘லான்செற்’ இதழில் வெளியான முடிவுகளின்படி, முடியுரு நாடி நோய் ஆண்டொன்றுக்குச் சாரதிகளில் ஆயிரவருக்கு 2.7 பேரிடமும் நடத்துநரில் ஆயிரவருக்கு 1.9 பேரிடமும் புதிதாகத் தோன்றியது. நடத்துநருக்கு அது பிந்திய வயதில் வந்ததோடு, அதன் கடுமையும் குறைவாயிருந்தது. கால்நடையாகவும் சைக்கிளிலும் கடிதம் விநியோகித்த தபாற் சேவகரை, அமர்ந்து பணிபுரிந்த தொலைபேசி இயக்குநரோடும் எழுதுவினைஞரோடும் ஒப்பிட்டபோதும் இவ்வகை வேறுபாடே புலப்பட்டது.

இம்முடிவை ஐயத்துக்கு உள்ளாக்கியவர்களுள் முதல்வர் அவ்வாய்வாளரே என்பது குறிப்பிடத்தக்கது. 1956இல் அவர்கள் பஸ் தொழிலாளருக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் அளவுகளை ஆராய்ந்தனர். சாரதிகளின் காற்சட்டை இடையளவு நடத்துநரதிலும் பெரிதாயிருந்தது. இளம் வயதினரிடையேயும் இவ்வேறுபாடு காணப்பட்டமையால், பருத்த உடலினர் தொடக்கத்திலேயே சாரதித் தொழிலை நாடியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. எனினும் ஒத்த இடையளவினரை ஒப்பிட்டபோதும் நடத்துநருக்கே அனுகூலம் இருந்தது. 1966இல் வெளியான தொடராய்வு இரத்த அழுத்தத்தையும் கொலஸ்ரரோலையும் கணக்கிற் கொண்டது. தன் முடிவைத் தானே சோதித்துப் பார்க்கும் இப்பண்பே அவ்வாய்வுக்கு நிலைபேறளித்தது.

சான் பிரான்சிஸ்கோத் துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை 22 ஆண்டுகள் அவதானித்து, றால்ஃப் பஃபன்பாகர் 1975இல் வெளியிட்ட முடிவுகளும் இதனோடு இயைந்தன. கடும் பளு தூக்கியோரிடையே இதய நோயால் நிகழ்ந்த மரணம் ஏனையோரிலும் குறைவாயிருந்தது. ஆக, ‘உடற்பயிற்சி இதயத்தைக் காக்கும்’ என்ற இன்றைய அறிவுரையின் அத்திவாரம் பயிற்சிக்கூடங்களில் இடப்படவில்லை. பஸ் படிக்கட்டிலும் தபாற் பையிலும் துறைமுக மேடையிலுமே அது இடப்பட்டது.

4

அறுபதுகளில் மொரிஸ் தம் ஆய்வின் திசையை மாற்றினார். இயந்திரமயமாக்கம் உடலுழைப்பைக் குறைத்துவரும் சமூகத்தில், இனி இயக்கம் ஓய்வு நேரத்திலேயே தேடப்படவேண்டும் என அவர் கருதினார். 1968 முதல் 1970 வரை, நடுத்தர வயதுடைய ஏறத்தாழ 17,000 அரச உத்தியோகத்தர், கடந்த வெள்ளி சனி நாட்களில் தாம் செய்தவற்றைத் திங்கட்கிழமையன்று பதிவுசெய்தனர். நீந்துதல், விரைந்து நடத்தல், தோட்டத்தில் மண் வெட்டுதல் போன்ற கடும் பயிற்சியில் ஈடுபட்டோருக்கு முடியுரு நாடி நோய் ஏற்படும் வாய்ப்பு மற்றையோரின் மூன்றிலொரு பங்கு அளவினதே என 1973இல் அறிவிக்கப்பட்டது.

இம்மாற்றம் அறிவியல் அடிப்படையில் நியாயமானது. ஆயினும் அதன் சமூக விளைவு கவனத்துக்குரியது. தொழிலாளியின் வேலையோடு இணைந்திருந்த இயக்கம், ஓய்வுள்ளவரின் தனிப்பட்ட ஒழுக்கமாக உருமாறியது. உடற்பயிற்சி செய்யாமை சோம்பலாகவும், நோய் அச்சோம்பலுக்குரிய தண்டனையாகவும் கருதப்படத் தொடங்கின. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வளர்ந்தோருக்கு விதந்துரைத்தது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரையான மிதமான உடலியக்கத்தை. அந்நிமிடங்கள் யாருடைய நாளிலிருந்து எடுக்கப்படுவன என்பது வேறொரு வினா. வேலைத்தலத்தில் நாளெல்லாம் நின்று, வீடு திரும்பியதும் சமையலையும் பிள்ளைகளையும் கவனிக்கும் பெண்ணுக்கு அவ்விதந்துரை எவ்வகையிற் பொருந்தும்?

இவ்விடத்தில் அண்மைக்கால ஆய்வுகள் புதியதொரு சிக்கலை முன்வைக்கின்றன. 2018இல் வெளியான ஓர் ஒருங்கிணைந்த பகுப்பாய்வின்படி, வேலையில் மிகையான உடலுழைப்பில் ஈடுபடும் ஆண்கள் காலத்துக்கு முன் இறக்கும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுதலானது. ஓய்வு நேர இயக்கம் காக்கையில் வேலைநேர இயக்கம் காவாமல் விடுவது ஏன்? வறுமையும் புகைபிடித்தலுமே இதற்குக் காரணம் என ஒரு சாரார் வாதிப்பர். 2021இல் வெளியான நோர்வே ஆய்வு இதற்கு மாறான முடிவை அடைந்தது. விவாதம் இன்னும் முடிவுறவில்லை. ஆனால் முன்வைக்கப்படும் விளக்கங்களுள் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. உடற்பயிற்சி செய்பவர் களைத்ததும் நிறுத்தலாம். தொழிலாளி நிறுத்த முடியாது. இடைவேளையின்றி மணிக்கணக்காகச் சுமப்பதும் குனிவதும் இதயத்தைப் பலப்படுத்துவதற்குப் பதிலாக அதனை ஓயாது வருத்துகின்றன. உடலை நலப்படுத்துவதில் இயக்கத்துக்குள்ள பங்கு, அதன் வேகத்தையும் ஓய்வையும் தீர்மானிக்கும் உரிமைக்கும் உண்டு.

லண்டன் பஸ்களின் பிற்கால வரலாறு இதனைத் தெளிவுபடுத்தும். அந்நகரம் கைவிட்ட இரட்டைத் தட்டு பஸ்கள் பல இலங்கைக்கு விற்கப்பட்டு, 1958இல் அமைக்கப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சேவையில் ஓடின. லண்டனிலோ செலவைக் குறைக்கும் பொருட்டுச் சாரதி மட்டுமே பணிபுரியும் பஸ்கள் படிப்படியாகப் புகுத்தப்பட்டன. 2005 டிசம்பர் 9ஆந் திகதி, நடத்துநருடன் ஓடிய பழைய பாணிப் பஸ்களின் கடைசி வழக்கமான சேவையும் அங்கு நிறுத்தப்பட்டது. இரு தொழில்களுள் இதயத்துக்கு நலமானது எதுவென அறிந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னர், அத்தொழிலே ஒழிக்கப்பட்டது. இருக்கை எஞ்சியது, படிக்கட்டு போயிற்று. இம்முடிவை எந்தத் தொழிலாளியின் சோம்பலும் தோற்றுவிக்கவில்லை.

எனவே உடற்பயிற்சி, உடற் புனர்வாழ்வு ஆகியவற்றைத் தனிமனித ஒழுக்கம் சார்ந்த விடயங்களாகக் கொள்வது வரலாற்றுக்கு முரணானதாகும். அவை வேலையின் அமைப்பு, வேலை நேரத்தின் அளவு, பொதுச் சுகாதார சேவையின் விரிவு ஆகியவற்றிலே தங்கியுள்ளன. தொழிலாளரின் உடல்களிலிருந்து பெறப்பட்ட இவ்வறிவு அவர்களுக்கே பயன்பட வேண்டுமாயின், நடக்குமாறு அவர்களுக்கு அறிவுரை கூறுவது போதாது. நடப்பதற்கு நேரமும், களைத்தபோது அமர்வதற்கு உரிமையும், காயமுற்றபோது மீண்டெழுவதற்கு வைத்தியசாலையும் அவர்களுக்கு உறுதிசெய்யப்படல் வேண்டும். றமாசினியின் ‘விடுமுறை நாட்களிலாவது’ என்ற தொடர் மூன்று நூற்றாண்டுகளாக விடை வேண்டி நிற்பது இங்கேதான்.