மீண்டும் கற்க விரும்பும் தந்தையர்க்கு உள்ள வழிகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலை வேளைகளில் தனியார் வகுப்புகளின் வாசல்களில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் தந்தையரைக் காணாத நாளில்லை. பிள்ளையின் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேற்றுக்காக வருமானத்தின் பெரும்பகுதியைச் செலவிடும் இவர்களுள் பலர், அப்பரீட்சைக்குத் தாம் தோற்றாதவர்கள். இதற்கு அவர்களுடைய சோம்பல் காரணமன்று. 1983 ஜூலை வன்செயலும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமையும், 1995 யாழ்ப்பாணப் பாரிய இடப்பெயர்வும் ஒரு தலைமுறையின் பாடசாலை வாழ்வை இடைநடுவில் முறித்துப்போட்டன. 1990இல் 15 வயதுச் சிறுவனாக மன்னாரை விட்டு வந்தவர் இன்று 50 வயதைத் தொட்டுவிட்ட தந்தை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவர்களின் நிலையை மேலும் பலவீனமாக்கிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர் உள்நாட்டில் சம்பள உயர்வு கேட்க முடியாமலும், வளைகுடா நாடுகளில் சாதாரண தொழிலாளியாகவே பதிவுபெற்றும் இழப்பது எவ்வளவு என்பதை அக்குடும்பங்களே அறியும்.

இத்தகையோர்க்கு மிகவும் பொருத்தமான வழி, வகுப்பறைக்குத் திரும்புவதன்று. ஏற்கனவே கற்றதை அரசு அங்கீகரிக்கச் செய்வதாகும் என்பதே எமது கருத்து. தேசிய தொழில் தகைமை எனப்படும் முறைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ் மட்டங்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்குச் சமமானது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதனை வழிநடத்துகின்றது. இம்முறைமையில் 'முன்னைய கற்றலை அங்கீகரித்தல்' என்றொரு வாயில் உண்டு. பல ஆண்டுகளாக மேசன், வெல்டிங், குழாய் பொருத்துதல், மின்னிணைப்பு, தையல், சமையல் போன்ற தொழில்களைச் செய்துவருபவர், பாடசாலைச் சான்றிதழ் எதுவுமின்றி, தமது வேலைத் திறனை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டித் தகைமை பெறலாம். மூன்றாம் மட்டம் ஓரளவு மேற்பார்வையின் கீழ் வேலை செய்யக்கூடியவரையும், நான்காம் மட்டம் தனித்து இயங்கக்கூடியவரையும் குறிக்கும். செட்டியார் தெருவில் இருபது ஆண்டுகள் பொற்கொல்லராக இருந்தவரை மூன்று மாதப் பயிற்சிக்கு வா என்று அழைப்பது அவரை அவமதிப்பதாகும். அவருடைய கைவேலையைப் பார்த்துச் சான்றளிப்பதே முறை.

இம்மதிப்பீடுகளை இராஜகிரியவில் தலைமையகத்தைக் கொண்ட தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை நடத்துகின்றது. புதிதாகத் தொழில் பயில விரும்புவோர் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழிற்பயிற்சி அதிகார சபையையோ மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியையோ நாடலாம்.

விட்ட படிப்பைத் தொடர விரும்புவோர்க்கும் தடையில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு வயதெல்லை கிடையாது. மகளும் தந்தையும் ஒரே ஆண்டில் தோற்றினால் அதில் வெட்கப்பட என்ன இருக்கின்றது? 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, 18 வயதைக் கடந்தவர்களை முறைசார்ந்த கல்வித் தகைமை கோராமலே அடிப்படைக் கற்கைநெறிகளில் சேர்த்துக்கொள்கின்றது. இவை தமிழிலும் உண்டு. தொலைக்கல்வி முறையாதலால் நாள்தோறும் வகுப்புக்குச் செல்லவேண்டியதில்லை. கொட்டாஞ்சேனைக்கு அண்மித்த ஹெட்டியாவத்தையிலிருந்து புறப்படும் 176ஆம் இலக்க பஸ், இராஜகிரியவையும் நாவலையிலுள்ள இப்பல்கலைக்கழகத்தின் சுற்றுப்புறத்தையும் கடந்தே செல்கின்றது.

வழிகள் இவ்வாறிருக்க, அவற்றை எம்மவர் போதியளவு பயன்படுத்தாமைக்கு மொழியும் நேரமும் முக்கிய காரணங்களாகும். 1987இல் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாயிற்று. எனவே விண்ணப்பப் படிவமும், விளக்கமும், மதிப்பீட்டாளரின் கேள்வியும் தமிழில் கிடைக்கவேண்டுமெனக் கோருவது சலுகை கேட்பதன்று. தொழிலில் தேர்ந்தவர் ஒருவர் கேள்வி விளங்காத காரணத்தினால் மட்டும் தவறுவாராயின் அந்த மதிப்பீடு எதனை அளந்தது?

நேரத்தைப் பொறுத்தவரை, நாட்சம்பளக்காரருக்கு வார நாளில் அலுவலகம் செல்வது ஒருநாள் உணவை இழப்பதற்கு ஒப்பாகும். சிங்கப்பூர் அரசு 40 வயதைக் கடந்த பிரஜைகளுக்கு 2024 மே மாதம் முதல் பயிற்சிச் செலவுக்காக 4,000 டொலர் வரவு வழங்குகின்றது. அத்தகைய வசதியை இன்றைய இலங்கையிடம் நாம் எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் மொழி மூல மதிப்பீட்டு முகாம் ஒன்றை நடத்துவதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலேயே உள்ளது. கோயில் மண்டபங்களும் பள்ளிவாசல் மண்டபங்களும் இரு பகுதிகளிலும் இருக்கின்றன. படிவம் நிரப்புவதற்கு உதவ இரு இளைஞர்களை அங்கு அமர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

விண்ணப்பிப்போர் தேசிய அடையாள அட்டையுடன், செய்த வேலைகளின் புகைப்படங்களையும் தொழில் அனுபவத்தை உறுதிப்படுத்தும் கடிதங்களையும் இப்போதிருந்தே சேர்த்து வைத்தல் நன்று. கடிதம் கொடுக்கச் சில முதலாளிமார் தயங்குவதை நாம் அறியாமலில்லை. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தவேண்டிய 12 சதவீதத்தைச் செலுத்தாதவர், சேவைக் காலத்தை எழுத்தில் ஒப்புக்கொள்ள அஞ்சுகின்றார். எமது சமூகங்களின் வர்த்தகப் பிரமுகர்கள் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வழங்கும் மேடைகளில் முன்வரிசையில் அமர்கின்றனர். தமது கடைகளிலும் பட்டறைகளிலும் பல்லாண்டு உழைத்த அப்பிள்ளைகளின் தந்தையருக்கு உண்மையான சேவைக் கடிதம் ஒன்றை அவர்கள் முதலில் எழுதிக் கொடுக்கட்டும்.