நின்று உழைத்த கால்கள்

கோவையில் 1888-இல் முதல் நூற்பாலை எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. 1962-இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், பெரியநாயக்கன்பாளையத்தை ஷிப்டு கணக்கில் வாழும் ஊராக்கியது.

அந்த ஷிப்டுகளில் மணிக்கணக்கில் நின்றவர்களுக்குக் காலில் சிரை சுருண்டு புடைப்பதுண்டு. அது கண்ணுக்குத் தெரியும் தொல்லை. ஆழத்துச் சிரைக்குள் இரத்தம் உறைவதோ வேறு. அதற்கு நிற்கக்கூட வேண்டாம். 1940-இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டன் பதுங்கிடங்களில் இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தவர்களில் சிலர், இரத்தக்கட்டி நுரையீரலை அடைத்துச் செத்தார்கள்.

அப்படி இரத்தம் உறைந்தால் பெரும்பாலும் ஒரு கால் மட்டும் வீங்கும். கெண்டைக்கால் வலிக்கும், தொட்டால் சுடும், நிறம் மாறும். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிடுவது நம் பக்கத்துப் பழக்கம். இரத்தம் உறைந்த காலில் அது ஆபத்து: கட்டி நகர்ந்துவிடலாம். வீக்கம் கண்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சு திணறினால் 108-ஐ அழையுங்கள்.