வெள்ளி நாணயத்தின் வடுக்கள்

பழைய வெள்ளி நாணயங்களைச் சேகரிப்போர் பெரும்பாலும் தேய்வும் கீறலுமற்ற நாணயத்தையே உயர்ந்ததாகக் கொள்வர். அக்கசாலையிலிருந்து வெளிவந்த பொலிவுடன் எஞ்சியுள்ள நாணயத்துக்குச் சந்தையிற் கிடைக்கும் விலையும் அதற்கேற்ப உயர்கின்றது. ஆயின் வரலாற்று நோக்கில் இம்மதிப்பீடு மீளாய்வுக்குரியது. பெட்டகத்திற் கிடந்த நாணயம் அதனை வெளியிட்ட அரசைப் பற்றியே பேசும். கைமாறிய நாணயமோ அதனை ஏற்றுக்கொண்ட மக்களைப் பற்றியும் பேசும். தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசினையும் நேர்மையினையும் ஒருங்கே குறிப்பதாகும். காசு செல்லுபடியாவதற்கு அரசனின் முத்திரையோடு பெறுபவனின் நம்பிக்கையும் வேண்டும் என்னும் உண்மை இவ்வழக்கில் அடங்கியுள்ளது. அந்நம்பிக்கையும் அதன் தளர்வும் நாணயங்களின் மீது பதிந்துள்ள முறையை அறிவதற்கு ஸ்பானியரின் எட்டு றியால் நாணயம் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

ஏறத்தாழ 27 கிராம் நிறையுடைய இந்நாணயம் பிற்காலத்தில் ஸ்பானிய டொலர் எனப் பெயர்பெற்றது. 1535ஆம் ஆண்டின் அரசாணைப்படி மெக்சிக்கோ நகரில் நிறுவப்பட்ட அக்கசாலையும், இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசியில் 1570களில் நிறுவப்பட்ட அக்கசாலையும் இதனைப் பெருந்தொகையாக வெளியிட்டன. பொத்தோசி மலையின் வெள்ளி 1545இற் கண்டறியப்பட்டது. 1570களில் அரசப்பிரதிநிதி பிரான்சிஸ்கோ டி தொலேதோ ஒழுங்குபடுத்திய 'மித்தா' எனும் கட்டாய ஊழிய முறையின்படி, குறித்த மாகாணங்களைச் சேர்ந்த பழங்குடி ஆடவருள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினர் முறைவைத்துச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டனர். தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிப்பதற்குப் பாதரசம் பயன்பட்டமையால், அதன் நஞ்சும் தொழிலாளரைத் தாக்கியது. நாணயத்தின் முகப்பில் மன்னனின் பெயரும் குலச்சின்னமும் உள்ளன. அவ்வெள்ளியை அகழ்ந்தவரைப் பற்றிய குறிப்பெதுவும் அங்கில்லை.

1565 முதல் 1815 வரை அகபுல்கோவுக்கும் மணிலாவுக்குமிடையே சென்றுவந்த கப்பல்கள் இவ்வெள்ளியின் ஒரு பகுதியை ஆசியாவுக்குக் கொணர்ந்தன. பட்டுக்கும் பீங்கானுக்கும் விலையாக அது சீனாவைச் சென்றடைந்தது. மிங் பேரரசு 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரிகள் பலவற்றை ஒன்றாக்கி வெள்ளியாக அறவிடத் தொடங்கியமை அங்கு வெள்ளியின் தேவையை மேலும் பெருக்கியது.

சீன வணிகர் அந்நிய மன்னனின் முத்திரையை மட்டும் நம்பி நாணயத்தை ஏற்றாரல்லர். பழந்தமிழர் வண்ணக்கர் என வழங்கிய நாணயப் பரிசோதகரைப் போன்றோர் அங்கும் இருந்தனர். நாணயத்தைச் சோதித்தபின் அது நல்வெள்ளியே என்பதற்குச் சான்றாகத் தத்தம் சிறு முத்திரையை அதன்மேல் அடித்தனர். கைமாறுந்தோறும் முத்திரைகள் பெருகின. மூல உருவமே மறையுமளவுக்கு அடிபட்ட நாணயங்களும் உள்ளன.

இத்தகைய ஐயம் ஆதாரமற்றதன்று. பொத்தோசி அக்கசாலையில் அளவுக்கு மீறிச் செம்பு கலக்கப்பட்ட மோசடி 1649ஆம் ஆண்டளவில் வெளிப்பட, அதில் முதன்மையான பங்குகொண்ட வெள்ளி வணிகர் பிரான்சிஸ்கோ கோமெஸ் டி லா ரோச்சா 1650இல் மரண தண்டனைக்குள்ளானார். பின்னர் 1772இலும் 1786இலும் ஸ்பானிய அரசே நாணயத்தின் தூய்மையை மக்களுக்கு அறிவிக்காது குறைத்தது. எனினும் கார்லோஸ் மன்னரின் உருவம் பொறித்த டொலருக்கு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, சீன வணிகர் சிலவிடங்களில் அதன் வெள்ளியின் பெறுமதியிலும் கூடிய விலை கொடுத்தனர். பழகிய முகத்தின் மீதான நம்பிக்கை உலோகத்தின் அளவையும் விஞ்சியது எனலாம்.

ஏனைய அரசுகளும் இந்நாணயத்தின் மீது தம் அடையாளத்தைப் பதித்தன. 1797இல் வெள்ளிக் காசுத் தட்டுப்பாட்டினால் இங்கிலாந்து வங்கி, ஸ்பானிய மன்னனின் கழுத்தில் மூன்றாம் ஜோர்ஜின் சிறு தலையுருவை அடித்து இந்நாணயத்தைப் புழக்கத்தில் விட்டது. நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்துக்கு 1812இல் சென்னையிலிருந்து 40,000 ஸ்பானிய டொலர்கள் கப்பலில் அனுப்பப்பட்டன. அவை மீண்டும் வெளியேறாதிருக்க, ஆளுநர் மக்வாரி அவற்றின் நடுவே துளையிடச் செய்தார். வளையம் ஐந்து சிலிங்காகவும், வெட்டியெடுத்த நடுத்துண்டு பதினைந்து பென்சாகவும் வழங்கின. இப்பணியைச் செய்த வில்லியம் ஹென்ஷோல், கள்ளநாணயக் குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டவராவார். 1829இல் இவை செல்லுபடியற்றனவாயின. பெரும்பாலானவை உருக்கப்பட்டமையால், எஞ்சிய வளையங்கள் ஏறத்தாழ 300 மட்டுமே. சிதைக்கப்பட்ட அந்நாணயம் இன்று முழுநாணயத்தினும் பன்மடங்கு விலை பெறுகின்றது.

நாணயத்திற் பொறித்த ஆண்டையும் எளிதில் நம்புதல் இயலாது. ஒஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா 1780இல் மறைந்தார். அவ்வாண்டைத் தாங்கிய தாலர் நாணயம் எதியோப்பியாவிலும் அரேபியாவிலும் பெருமதிப்புப் பெற்றமையால், அவர் மறைந்த பின்னரும் அதே ஆண்டுடனேயே தொடர்ந்து அடிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் உரோம், இலண்டன், பம்பாய் ஆகிய நகரங்களின் அக்கசாலைகளும் அதனை அடித்தன. பேரரசியின் உருவத்தில் மாற்றம் செய்திருப்பின் மக்கள் அதனை ஏற்க மறுத்திருப்பர். எனவே அங்குள்ள '1780' என்பது காலத்தைக் காட்டிலும் நம்பிக்கையையே சுட்டுகின்றது.

இவற்றை நோக்குமிடத்துச் சேகரிப்போனின் பொறுப்பு தெளிவாகின்றது. வெள்ளி காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளாற் கருமையடைவது இயல்பு. அக்கருமையை நீக்கத் தேய்ப்பவன் உலோகத்தின் மேற்பரப்பையும் அதிலுள்ள நுண்ணிய தடயங்களையும் சேர்த்தே அழிக்கின்றான். இதனினும் பெரிய இழப்பு, ஒரு புதையலின் நாணயங்கள் தனித்தனியே பிரிந்து போவதால் நேர்வதாகும்.

இலங்கைக் கடலில் கிடைத்த நாணயங்கள் இதற்குச் சான்றாகும். தென்கிழக்குக் கரைக்கு அப்பால், இராவணன் கோட்டை என மரபில் வழங்கும் கிரேட் பாசஸ் பாறைத்தொடரில், சுழியோடி மைக் வில்சன் 1961இல் ஒரு கப்பலின் சிதைவைக் கண்டறிந்தார். அங்கு கிடைத்தவை ஔரங்கசீப்பின் பெயரால் சூரத்தில் அடிக்கப்பட்டு, கி.பி. 1701-02க்கு நிகரான ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டைத் தாங்கிய வெள்ளி ரூபாய்கள். அவற்றுள் பல, ஆயிரம் அளவிலான நாணயங்கள் ஒன்றோடொன்று இறுகிய கட்டிகளாகக் காணப்பட்டன. பை உக்கிப்போயினும் அதன் வடிவம் கட்டியில் எஞ்சியிருந்தது. ஒரே அக்கசாலையும் ஒரே ஆண்டும் அவை புழக்கத்திற் கலவாது கப்பலேற்றப்பட்டமையை உணர்த்துகின்றன. கட்டியிலிருந்து பிரிந்து, ஊர் பேரின்றிக் கடைக்கு வந்த ஒரு ரூபாய் இச்செய்தியைக் கூறமாட்டாது. அது எங்கும் கிடைக்கும் முகலாய ரூபாய்களுள் ஒன்றாகவே கொள்ளப்படும்.

எனவே நாணயம் கிடைத்த இடத்தையும், உடன் கிடைத்த பொருள்களையும், அதன் மேலுள்ள முத்திரைகளையும் குறித்துவைத்தல், நாணயத்தைப் பெறுவதிலும் இன்றியமையாத பணியாகும். முகப்பிலுள்ள முத்திரை வெளியிட்ட அரசன் தன்னைப் பற்றிக் கூறிய கூற்று. வடுக்கள் பிறர் அதற்கு அளித்த மறுமொழி. இரண்டையும் ஒருங்கே பேணுபவனிடத்தேயே சேகரிப்பு வரலாற்றுப் பணியாக உயர்கின்றது.