அக்குள் மயிரும் வியர்வையும்: ஒரு வழக்கத்தின் வரலாறு

அக்குள் மயிரைக் களைதல் வியர்வையைத் தணிக்கும் என்பது பலரும் ஆராயாது கொண்ட கருத்தாகும். வழக்கமோ மிகப் பழையது. கி.பி. முதலாம் நூற்றாண்டில், றோமானியக் குளிப்பகமொன்றின் மேல்மாடியில் தங்கியிருந்த செனெக்கா, அங்கு மயிர் பிடுங்குவோன் எழுப்பிய கீச்சுக்குரலைத் தம் கடிதமொன்றிலே குறிப்பிட்டுள்ளார்.

எனினும், ஐக்கிய அமெரிக்கப் பெண்களிடையே இவ்வழக்கம் பரவியது இருபதாம் நூற்றாண்டிலேயாகும். கையில்லா ஆடை நாகரிகமாகிவந்த 1915 இல் ‘ஹார்ப்பர்ஸ் பஸார்’ சஞ்சிகையில் மயிர்நீக்கும் பொருளொன்றின் விளம்பரம் வெளிவந்தது. அதே ஆண்டில் ஜில்லெற் நிறுவனம் பெண்களுக்கெனச் சவரக் கருவியொன்றை விற்பனைக்கு விட்டது. 1919 இல் ‘ஓடோறோனோ’ விளம்பரம் பெண்ணின் வியர்வை நாற்றத்தை அச்சத்துக்குரியதாக்கியது. உடலின் இயல்பொன்று நாணத்தக்க குறையாகக் காட்டப்பட்டது. அக்குறையைத் தீர்க்கும் பண்டங்கள் விலைப்பட்டன.

உடற்றொழிலியல் கூறுவது யாது? வியர்வையைச் சுரப்பன தோலினுள் அமைந்த சுரப்பிகளே, மயிரன்று. மயிரை மழிப்பினும் அவை முன்போலவே சுரக்கும். புதிதாய்ச் சுரந்த வியர்வைக்கு மணமில்லை; தோலில் வாழும் பற்றீரியாக்கள் அதனைச் சிதைக்கும்போதே நாற்றம் பிறக்கின்றது. மயிர் அவ்விரண்டுக்கும் தங்குமிடமாகும். மழித்த அக்குளில் நாற்றம் குறைதலை 1953 இல் ஷெல்லி முதலிய அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. ஆகவே, குறைவது நாற்றமேயன்றி வியர்வையன்று.

மழிப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆயின், மழியாதவளைத் தூய்மையற்றவள் என்பது விளம்பரம் வழங்கிய தீர்ப்பேயன்றி அறிவியலின் தீர்ப்பன்று.