இரண்டு வயதுக்குள் குடித்த கஞ்சி

1969-இல் குவாத்தமாலாவின் கிழக்கே நான்கு சிற்றூர்களில் ‘இன்காப்’ என்ற ஊட்டச்சத்து நிறுவனம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. இரண்டு ஊர்களுக்குப் புரதம் செறிந்த ‘அத்தோலே’ கஞ்சி. மற்ற இரண்டுக்குப் புரதமே இல்லாத ‘ஃப்ரெஸ்கோ’ இனிப்புப் பானம். 1977 வரை, வந்து கேட்டவர்க்கெல்லாம் இலவசம். சத்துணவு குழந்தையின் உயரத்தைக் கூட்டலாம், கூலியையுமா கூட்டும்? 2002–04-இல் அக்குழந்தைகளைப் பெரியவர்களாகத் தேடிப்பிடித்துக் கணக்கெடுத்தபோது விடை கிடைத்தது: முதல் இரண்டு ஆண்டுகளில் அத்தோலே கிடைத்த ஆண்களின் மணிக்கூலி சுமார் 46 சதவீதம் அதிகம்.

மருத்துவ வசதிதான் காரணம் என்று வாதிட இடமில்லை. அது நான்கு ஊர்களுக்கும் பொதுவாகவே கிடைத்தது. நான்கே ஊர்களை வைத்து முடிவுகட்டலாமா என்ற ஆட்சேபம் வலுவானது. ஆனால், மூன்று வயதைக் கடந்தபின் அதே கஞ்சியைக் குடித்தவர்களுக்குக் கூலி உயரவில்லை. ஊரின் செழிப்பே காரணமென்றால் இந்த வேறுபாடு ஏன்? பெண்களின் கூலியும் உயரவில்லை; ஆனால் வாசிப்புத் திறன் உயர்ந்தது. அவர்களில் பலருக்குக் கிடைத்தவை வருவாய் குறைந்த வேலைகளே (கஞ்சியின் குறையன்று அது). பள்ளி வயதில் தொடங்கும் உணவுத் திட்டம் தேவைதான். கூலிக் கணக்கில் அது தாமதமாக வருகிறது.