ஓபீர் என்னும் பெயரும் லேடாங் மலையும்

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கு எல்லையில், மலாக்காவை ஒட்டினாற்போல் நிற்கும் லேடாங் மலைக்குப் பெயர்கள் இரண்டு. மலாய் மக்கள் வழங்குவது குனோங் லேடாங். ஐரோப்பியர் தம் கடற்படங்களில் எழுதிவைத்தது ஓபீர் மலை. முன்னது மண்ணில் பிறந்த பெயர். பின்னது நூலில் பிறந்த பெயர். பின்னதைப் பற்றிக்கொண்டு, சாலமோன் மன்னனின் மரக்கலங்கள் பொன் ஏற்றிச் சென்ற ஓபீர் நாடு இம்மலையைச் சூழ்ந்த நிலமே என்றும், அக்கலங்கள் கொண்டுசென்ற மயிலுக்கு எபிரேய மொழியில் தமிழ்ப் பெயரே வழங்கியதாகலின் அன்றே தமிழர் இங்கு வணிகம் நடத்தினர் என்றும் சொல்வாருளர். கேட்பதற்கு இனிய செய்திதான். தோட்டப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் சுவையான பாடம் கிடைப்பதரிது. ஆயினும் சுவை வேறு, சான்று வேறு. வகுப்பறையில் ஒரு முறை சொன்னதைப் பிள்ளை ஐம்பது ஆண்டு சுமந்து திரியும் என்பதை எண்ணும்போது, இதனைச் சற்றே உரசிப் பார்த்தல் கடனாகின்றது.

செடெனாக், லாயாங் லாயாங், ரெங்கம் என இரயில் பாதையோரத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகட்கு மலை என்றால் தெற்கே பூலாய் மலை, வடக்கே குளுவாங்கின் லம்பாக் மலை. இரண்டும் சிறியன. லேடாங்கின் உயரம் 1,276 மீட்டர், ஏறத்தாழ 4,187 அடி. ஜொகூரில் இதனினும் உயர்ந்த மலை இல்லை. மூவார், தங்காக் பக்கம் செல்வோர்க்கு அது நெடுந்தொலைவிலேயே புலப்படும். மலாக்கா நீரிணையில் வந்த பழைய மாலுமிகட்கும் கரையறிய உதவிய அடையாளம் அது. கடலிலிருந்து பார்த்தவன் பெயர் வைத்தான் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

விவிலியத்தின் அரசர் நூல் கூறுவது இது: சாலமோன் செங்கடற் கரையில் கலங்கள் கட்டுவித்தான், தீர் நகரத்து மன்னன் ஈராம் கடலறிந்த மாலுமிகளை அனுப்பினான், அவர்கள் ஓபீருக்குச் சென்று 420 தாலந்து பொன் கொணர்ந்தனர். ஓபீர் எத்திசையில் உள்ளது என்பதை அந்நூல் சொல்லவில்லை. சொல்லாது விட்டதனால் உலகமே தேடத் தொடங்கிற்று. அரேபியா என்றார் சிலர். ஆப்பிரிக்கக் கரையின் சோபாலா என்றார் வேறு சிலர். மேற்கிந்தியாவின் சோபாரா என்பாரும் உண்டு. கொலம்பசு தாம் கண்ட இசுபானியோலாத் தீவே ஓபீர் என்று மகிழ்ந்தார். ஓபீர் என்பது வெறுங்கற்பனையன்று என்பதற்கு மட்டும் ஒரு சான்று உண்டு. இசுரேலில் தெல் காசில் என்னுமிடத்தில் 1946-இல் கிடைத்த பானை ஓடு ஒன்றில் ஓபீர்ப் பொன் என்ற எழுத்துக் காணப்படுகின்றது. அதுவும் பொன்னைச் சொல்கின்றதேயன்றி வழியைச் சொல்லவில்லை.

மலாயாவின் பக்கம் இப்பெயரை முதலில் திருப்பிவிட்டவர் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பசு. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய அவர், ஓபீர் என்பது இந்தியாவைச் சேர்ந்த பொன் தீபகற்பமே என்றார். அடுத்த நூற்றாண்டில் தாலமி வரைந்த நிலநூலிலும் பொன் தீபகற்பம் இடம்பெற்றது. அஃது இன்றைய மலாய்த் தீபகற்பம் என்பது பெரும்பாலோர் துணிபு. இவ்விரண்டையும் படித்துவிட்டு வந்த ஐரோப்பியர், மலாக்காவின் பின்னே ஓங்கி நின்ற மலையைக் கண்டதும் ஓபீர் என்று பெயரிட்டதில் வியப்பில்லை. சுமத்திராவின் மேற்கே உள்ள தலமாவ் மலைக்கும் அவர்கள் அதே பெயரை இட்டனர்! ஒரு மலைக்குப் பெயரிட்டுப் பொன் கிட்டாவிடின் மற்றொரு மலைக்கு இட்டுப் பார்ப்பது போலும்.

இனி, மயிலுக்கு வருவோம். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழி ஒப்பிலக்கணத்தில், எபிரேய மொழியின் துகி என்னும் சொல் தமிழ்த் தோகை என்பதன் திரிபு என்று காட்டினார். அக்கருத்து வலுவுடையது, மொழியறிஞர் பலர் அதனை ஏற்றனர், குரங்கினத்தைக் குறிக்கும் எகிப்தியச் சொல் அது என மறுத்தாரும் உளர். வழக்கு எவ்வாறு முடியினும், நம்மவர் கவனியாது விடுவன இரண்டு. மயிலும் யானைத் தந்தமும் குரங்கும் கொணர்ந்ததாகச் சொல்லப்படுவது தர்சீசு கலங்கள் என்னும் தொகுதி. ஓபீர்க் கலங்களைப் பற்றிய அடிகளில் மயில் இல்லை. அன்றியும், அந்நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்புப் படியொன்றில் மயில் நிற்கவேண்டிய இடத்தில் செதுக்கிய கற்கள் நிற்கின்றன. தோகை தமிழாயிருப்பின், ஒரு தமிழ்ச்சொல் மேற்றிசை சென்றது என்பது பெறப்படும். அச்சொல் லேடாங் மலையிலிருந்து சென்றது என்பதற்கு அதில் ஒரு துளியும் இடமில்லை.

பெயரைக் கொண்டு வரலாறு எழுதுவதன் இடர்ப்பாட்டை அமெரிக்காவிலுள்ள எடுத்துக்காட்டொன்று நன்கு விளக்கும். அரிசோனா மாநிலத்துப் பாலை நிலத்தைக் கொலராடோ ஆறு ஒரு கல் ஆழத்திற்கு அறுத்து உண்டாக்கிய கிராண்ட் கேன்யன் என்னும் பெரும்பிளவு 1919-இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் அதன் விளிம்பில் நின்று காண்கின்றனர். கால் வலுவுடையோர் பிரைட் ஏஞ்சல் பாதை வழியே ஆற்றங்கரை வரை இறங்குகின்றனர். அப்பிளவினுள் எழுந்து நிற்கும் பாறைக் கோபுரங்களின் பெயர்களைக் கேட்கும் தமிழர் திகைப்பர்: விட்டுணு கோயில், பிரமன் கோயில், சிவன் கோயில், இராமன் சன்னிதி, கிருட்டிணன் சன்னிதி! அடியிலுள்ள தொல்பாறைக்கும், 170 கோடி ஆண்டு மூத்த அப்பாறைக்கும், விட்டுணுவின் பெயரே. இந்துக்கள் எவரும் அங்குக் குடியேறிக் கோயில் எடுக்கவில்லை. 1882-இல் அப்பகுதியின் நிலவியலை எழுதி வெளியிட்ட கிளாரன்சு டட்டன் என்னும் படைத்துறை அதிகாரி, அடுக்கடுக்கான அப்பாறைகளைக் கீழைநாட்டுக் கோயில்களாகக் கண்டு இத்தகைய பெயர்களைத் தொடங்கிவைத்தார். பின்வந்தோர் அவ்வழியே தொடர்ந்தனர். அந்நிலத்தில் நெடுங்காலம் பயிரிட்டு வாழ்ந்த அவாசுப்பாய் மக்களோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியேற்றப்பட்டனர். பாதையின் நடுவே அவர்கள் வாழ்ந்த நீரூற்றுத் தோட்டத்திற்கு அவர்தம் பெயர் அரசு முறையில் மீண்டும் வந்தது 2022-இல்தான். சிவன் பெயர் தாங்கிய கோபுரத்தைக் கொண்டு அரிசோனாவில் சைவம் தழைத்தது என எழுதுவாரைப் பார்த்து நகைப்போம். ஓபீர் என்ற பெயரைக் கொண்டு லேடாங்கில் சாலமோனைக் காண்பதும் அதனினும் வேறன்று.

லேடாங் மலைக்கு உரிய பழங்கதை அதன் அடிவாரத்து மக்களிடமே இருந்தது. மலாய் மன்னர் வரலாறு கூறும் செஜாரா மெலாயு என்னும் நூல் அதனைச் சுவைபடச் சொல்கின்றது. மலாக்காச் சுல்தான் மகமூது ஷா, மனிதப் பெண்ணை மணக்க எம்மன்னராலும் கூடும், மலையிளவரசியை மணப்பதே தமக்குப் பெருமை என்று தூதனுப்பினார். தூதருள் ஒருவர் புகழ்பெற்ற ஹங் துவா. முதுமையால் அவரால் ஏற முடியவில்லை. துன் மாமாட் என்பார் சிலருடன் மேலே சென்றார். காற்றில் மூங்கில்கள் பாடின. மேகம் கைக்கெட்டும் தொலைவில் தவழ்ந்தது. டாங் ராயா ராணி என்னும் மூதாட்டி இளவரசியின் மறுமொழியைக் கொணர்ந்தாள். மலாக்காவிலிருந்து மலை வரை பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம். கொசுவின் நெஞ்சு ஏழு தட்டு, உண்ணியினும் சிறிய பூச்சியின் நெஞ்சு ஏழு தட்டு. இளம்பாக்கு நீர் ஒரு சாடி, கண்ணீர் ஒரு சாடி. மன்னன் குருதி ஒரு கிண்ணம், மன்னன் மகன் குருதி ஒரு கிண்ணம். மற்றெல்லாம் இயலும், குருதி மட்டும் இயலாது என்று சுல்தான் விட்டுவிட்டார் என்பது கதை. பாலத்திற்கும் கண்ணீருக்கும் அஞ்சாதவர் தம் குருதிக்கு அஞ்சினார் என்று எழுதிய ஆசிரியரின் துணிவு பாராட்டத்தக்கது. இதே சுல்தான்தான் 1510-இல் தம் முதலமைச்சர் துன் முத்தாகிரைக் குடும்பத்தோடு கொல்வித்தவர். அவ்வமைச்சர் தந்தைவழியில் இந்திய முசுலிம் குடியினர். தமிழ் முசுலிம் குடி என்றே பலர் கொள்வர். மறு ஆண்டு மலாக்கா போர்த்துக்கீசியர் கைக்குப் போயிற்று.

இவ்விளவரசியின் கதையை, மலாக்காவில் பிறந்த எரேடியா என்பார் 1613-இல் போர்த்துக்கீசிய மொழியிலும் எழுதிவைத்தார். கதை அன்றே ஊரறிந்ததாக இருந்தது என்பது இதனால் தெளிவு.

மலையேறிப் பார்த்ததைப் பார்த்தவாறு எழுதியவருள் தலையாயவர் ஆல்பிரடு ரசல் வாலசு. பின்னாளில் டார்வினோடு சேர்த்து எண்ணப்பட்ட இவ்வியற்கை நூலறிஞர் 1854-இல் மலாக்காவில் தங்கியிருந்தபோது லேடாங்கை நாடினார். சுமை தூக்க ஆறு மலாய்க்காரரை அமர்த்திக்கொண்டு, அரிசியும் கருவாடும் காப்பித்தூளும் எடுத்துச் சென்றார். காட்டு வழியில் அட்டைகள் மொய்த்தன. பாதிவழியில் பாடாங் பத்து என்னும் பாறைவெளி குறுக்கிட்டது. வெடிப்புகளில் மட்டும் செடி கொடி முளைத்த மொட்டைப் பாறைச் சரிவு அது. அங்கே, மலாய்க்காரர் குரங்குப் பானை எனப்படும் குடுவைச் செடி திரளாக இருந்தது. ஏறியவர்கட்கு நாவறண்டது, நீரில்லை. குடுவைகளில் தேங்கிய நீரில் பூச்சிகள் மிதந்தன. முகம் சுளித்தவாறே சுவைத்துப் பார்த்தனர். சற்றே சூடாயினும் குடிக்கத் தக்கதாகவே இருந்தது. எல்லாரும் அதையே குடித்துத் தாகம் தணிந்தனர். மலையுச்சி நோக்கிய வழியில் மத்தோனியா என்னும் அழகிய பெரணியையும் அவர் கண்டார். அப்பெரணி அறிவியல் உலகிற்கு அறிமுகமானதே, மலாக்காவை ஆண்ட பார்குவார் இம்மலையிலிருந்து கொண்டுவந்த மாதிரியால்தான்.

குவாங் எனப்படும் பெருங்கோழியினப் பறவையின் குரல் காடெங்கும் கேட்டது. பறவை கண்ணில் படவில்லை. இருபதாண்டு வேட்டையாடிய மலாக்காக்காரர் ஒருவரே அதனைக் கண்ணியில் சிக்கிய பின்னன்றிக் காட்டில் கண்டதில்லை என்றாராம். யானைகள் சில ஆண்டுகட்கு முன்னரே மறைந்துவிட்டன. காண்டாமிருகத்தின் தடங்கள் தென்பட்டன. இரவெல்லாம் தீ வளர்த்துக் காத்தனர். அன்று தடமாவது இருந்தது. மலேசியாவின் கடைசிச் சுமத்திராக் காண்டாமிருகம் 2019-இல் சபாவில் இறந்தது. ஓபீர் என்ற பெயரைத்தான் வாலசும் எழுதினார். ஆனால் அவர் அங்கே தேடியது பொன்னையன்று, வண்டையும் பறவையையும்.

பொன் அறவே இல்லாமலும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலையடிவாரப் பகுதியில் பொன் அரித்ததை நியூபோல்டு 1839-இல் வெளியிட்ட நூலில் குறித்துள்ளார். அச்சிறு சுரங்கங்கள் எந்த மன்னனின் கப்பலையும் நிரப்பத் தக்கன அல்ல. இம்மலையடியில் உண்மையாகவே செல்வம் பெருகியது வேறொரு பொருளால். மலாக்காச் சீனர் டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் நட்டுப் பார்த்துவிட்டு, அடுத்துப் பெருந்தோட்டம் அமைத்த இடம் லேடாங்கின் மலாக்காப் பக்கத்துப் புக்கிட் அசகான். மலாயாவின் வணிக இரப்பர்த் தோட்டங்களுள் மிக மூத்தவை இவை. பின்னர்த் தீபகற்பமெங்கும் இரப்பர் பரவியதும், கப்பலேறி வந்த தமிழர் பால்மரக் காடுகளில் விடியுமுன் நெற்றி விளக்கோடு நடந்ததும் யாவரும் அறிந்தவை. அசகானிலும் சாகிலிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தது அவ்வழியே. சாலமோனை அழைக்காமலே சொல்லக்கூடிய வரலாறு இது.

பழமைதான் வேண்டுமெனில் அதற்கும் குறைவில்லை. தாய்லாந்தின் தென்பகுதியிலுள்ள கிராபி மாவட்டத்தில், குளோங் தோம் என்னுமிடத்தில், உள்ளங்கையில் அடங்கும் சிறு கல்லொன்று கிடைத்தது. அதில் தமிழ் எழுத்தில் பெரும்பதன் கல் என்று பொறித்திருக்கின்றது, எழுத்தமைதி கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டினது என்பர். அஃது உரைகல், பொற்கொல்லன் பொன்னை உரசி மாற்றுப் பார்க்கும் கல். தக்குவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, குளம் வெட்டி அதனை மணிக்கிராமத்தார் காவலில் விட்டதைச் சொல்கின்றது. மலாக்காவை 1511-இல் பிடித்த போர்த்துக்கீசியர், நயினா செட்டி என்னும் தமிழ் வணிகரையே முசுலிம் அல்லாதார்க்குத் தலைவராக்கினர். ஒரு மாணவன் ஓபீரைப் பற்றிக் கேட்பானாயின், பெரும்பதனின் உரைகல்லை அவனுக்குச் சொல்லலாம். பொன் உண்டு, தமிழ் உண்டு, பெயரும் உண்டு. ஊகிக்க வேண்டுவது எதுவுமில்லை.

இன்று லேடாங் மலை ஜொகூர் தேசியப் பூங்காக்களுள் ஒன்று. மலையேறும் வழிகள் நெடுங்காலமாக இரண்டு: மலாக்காப் பக்கத்து அசகானிலிருந்து ஒன்று, ஜொகூர்ப் பக்கத்துச் சாகிலிலிருந்து மற்றொன்று. சாகில் வழியின் அடியில் இளவரசியின் பெயர் தாங்கிய அருவி பாய்கின்றது. விடுமுறை நாளில் தோட்டத்துக் குடும்பங்கள் குளிக்க வருவது அங்கேதான். மேலே ஏற விரும்புவோர் பூங்கா அலுவலகத்தில் பெயர் பதிந்து, வழிகாட்டியோடுதான் செல்லவேண்டும். எடுத்துச் செல்லும் பொருளையெல்லாம் ஏறுமுன் எண்ணி எழுதுகின்றனர். இறங்கியதும் குப்பை காட்டில் விடப்பட்டதா என்று மீண்டும் எண்ணுகின்றனர். செங்குத்தான பாறைகளில் கயிறும் ஏணியும் உண்டு. உச்சிக்குப் போய்த் திரும்ப வலுவுடையோர்க்கு ஒரு முழுப்பகல் பிடிக்கும். குடுவைச் செடிகள் இன்றும் மேற்சரிவுகளில் உள்ளன. பறிப்பதற்கு மட்டும் அனுமதியில்லை.